சனிக்கிழமை யாருக்கு லீவு?

கேள்வி: எங்கள் பகுதி விளையாட்டு மன்றம் ஒவ்வொரு கோடையிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட், கைப்பந்து, கபடிப் போட்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தி வருகிறது. சர்ச்சுக்குப் போகிற பையன்களால் காலை ஆட்டங்களுக்கு வர முடிவதில்லை. அதனால் இந்த ஆண்டு முதல் சனிக்கிழமைக்கு மாற்றுகிறோம். போன சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கூடிய கமிட்டியில், வந்திருந்த ஒன்பது பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகிற சிலர் மட்டும் போனில் முணுமுணுக்கிறார்கள். இங்கிலாந்திலேயே அமெச்சூர் ஆட்டம் என்றால் சனிக்கிழமைதான். எங்கள் முடிவு சரிதானே?
(மன்றச் செயலாளர், சத்துவாச்சாரி, வேலூர். பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்: சரியில்லை, செயலாளரே.

சர்ச்சுக்குப் போகிற பையன்களை நினைத்துப் பார்த்தது நல்ல மனசு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கை நிறைய ஆட்கள் காலை ஒன்பது மணி ஆட்டத்துக்கு வர முடியவில்லை என்பதற்காக, நாள் முழுக்க வர முடியாத இன்னொரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கிறீர்கள்.

அந்த ஒன்பது பேர் யார் யார் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் உங்கள் சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவர் வாத்தியார். ஒருவர் பேங்க், 2015 செப்டம்பரிலிருந்து அவருக்கு மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனி லீவு. மீதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள். தப்பென்றால் திருத்துங்கள். இவர்களுக்கெல்லாம் சனிக்கிழமை காலை 11 மணி என்பது காபி குடித்துவிட்டுச் சாவகாசமாக வரக்கூடிய நேரம்.

நம் பழைய வட ஆற்காட்டுக்குச் சோறு போடுகிற வேலைகள் அப்படி இல்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுகிற ஷெட்டும் ஷூ தைக்கிற வரிசையும் சனிக்கிழமையும் ஓடும். குடியாத்தத்தில் தறியும் தீப்பெட்டியும் அதே கதை. சாரதி மாளிகைப் பக்கம் கடையில் நிற்கிற பையனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வியாபாரமே சூடு பிடிக்கும். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை ஆட்களுக்கு ஞாயிறும் கிடையாது, அது வேறு சோகம். சனிக்கிழமை கபடிக்கு வர வேண்டுமென்றால் ஷூ கம்பெனிப் பையன் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். நீங்கள் கொடுக்கிற முதல் பரிசை ஏழு பேர் பிரித்துக்கொண்டால் அந்த ஒரு நாள் சம்பளம் தேறுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஞாயிறு லீவு சும்மா வந்ததும் இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் மனு எழுதி, கூட்டம் போட்டு, 1890 ஜூனில் முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஞாயிறு எங்கள் கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்றும் வாதாடினார். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றைத்தான் ஓய்வு நாளாக எழுதியிருந்தது. மாற்றினால் ஈடாக வேறு நாள் தர வேண்டும் என்றது. ஞாயிறு என்றாலே சர்ச்சு என்று மட்டும் பார்க்காதீர்கள். அது தொழிலாளி கேட்டு வாங்கிய நாளும்தான்.

இங்கிலாந்துக்கு வருவோம். நீங்கள் ஆணி அடித்த அதே இடத்தில்தான் உங்கள் வாதம் கழன்று விழுகிறது. அங்கே சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கால்பந்து வந்தது ஏன்? 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களையும் இளவயதுக்காரர்களையும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது, ஆக எல்லாரும் வெளியே வந்தார்கள். கஞ்சி குடித்துவிட்டு மைதானத்துக்குப் போக ஒரு மணி நேரம். அதாவது வெள்ளைக்காரன் தொழிலாளிக்கு என்றைக்கு லீவோ அன்றைக்கு ஆட்டத்தை வைத்தான். நீங்கள் அவனுடைய கிழமையை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டீர்கள். போதாததற்கு, அங்கேயே ஞாயிறு ஆடுகிற அமெச்சூர் அணிகளுக்கென்று 1964-இல் தனிக் கோப்பை தொடங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் யாராவது எரிக் லிடெலைக் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிறு. ஓட மாட்டேன் என்றார் அந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை. வேறு நாளில் 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். அருமையான கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குப் போக 400 மீட்டர் இருந்தது. காலை ஆட்டத்தைத் தவற விடுகிற உங்கள் விக்கெட் கீப்பருக்குப் போக என்ன இருக்கிறது? அந்த இன்னொரு வழியை அட்டவணையில் வைப்பதுதான் கமிட்டியின் வேலை.

எண்பதுகளில் நான் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, எங்கள் அணியில் பந்து தூக்கிக் கொடுக்கிறவன் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் தூக்கினால்தான் எங்களுக்கு அடி. ஒரு தடவை முதல் ஆட்டமே எங்களுடையதாக விழுந்தது. இரண்டு செட் போன பிறகு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்து குதித்தான். சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு இறங்கினான். தோற்றோம். அடுத்த ஞாயிறு அங்கே போட்டி நடத்திய டீக்கடைக்காரரிடம் போய் முறையிட்டோம். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், எங்கள் பெயரை அடித்துக் கடைசிக்குக் கீழே எழுதினார், டீ ஆற்றப் போய்விட்டார். கமிட்டியும் இல்லை, தீர்மானமும் இல்லை.

உங்களுக்கும் அதுதான் சொல்கிறேன். பெயர் கொடுக்கும்போதே எந்த அணிக்குக் காலை முடியாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மாலை ஆட்டம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கிற ஏழாம் நாள் சபையினரும் நம் பக்கம் உண்டு. உங்கள் சனிக்கிழமைத் திட்டத்தில் அவர்களை யோசித்தீர்களா? ஞாயிறு மாலை என்றால் அவர்களும் வரலாம், ஜும்மாவுக்குப் போகிறவர்களுக்கும் தடையில்லை. கபடிக்கும் கைப்பந்துக்கும் லைட் போட்டால் ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடித்துவிடலாம். மே மாத வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் யாரையும் மைதானத்தில் நிறுத்துவது எந்தக் கிழமையானாலும் பாவம். கிரிக்கெட்டைக் காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள்; அது முடியாத அணிக்கு நாலு மணிக்கு மேல் கொடுங்கள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்று உங்கள் பொருளாளர் கிளம்புவார். டாஸை 4.25-க்குப் போட்டுவிடச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு மாற்றினால் ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், தொடக்க விழாவே அதில்தான் மாட்டும்.

சனிக்கிழமை பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. நீங்கள்தான் அதை எழுதவில்லை. ஞாயிறு முகூர்த்தம் வந்தால் பதினொரு பேர் அணி எட்டாகிவிடும். அரசுத் தேர்வு என்று பள்ளி மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். இவை சில்லறை. பெரிய நியாயம் பெண்கள். உங்கள் கடிதத்தில் பையன்கள், பையன்கள் என்றே வருகிறது. பெண்கள் அணி என்று ஒன்று உங்கள் மன்றத்தில் இருக்கிறதா? ஞாயிறு என்றால் வீட்டில் கறி எடுப்பார்கள். அம்மா மசாலா அரைக்க, மகள் வெங்காயம் உரிக்க, அண்ணன் மட்டும் பேட்டோடு கிளம்புவான். பள்ளிப் பெண்களுக்குக் கைப்பந்து நடத்துகிறீர்களா, தாராளமாகச் சனிக்கிழமை வையுங்கள், நானே வந்து உட்காருகிறேன். படிக்கிற பிள்ளைகளின் ஆட்டம் எல்லாமே அன்றைக்கு நடக்கலாம். வேலைக்குப் போகிறவனின் ஆட்டத்தை மட்டும் ஞாயிறிலிருந்து எடுக்காதீர்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். பளுதூக்கும் சதீஷ் சிவலிங்கம், சத்துவாச்சாரி. காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு தங்கம். கிளாஸ்கோவில் வாங்கியது 2014 ஜூலை 27, ஞாயிறு. கோல்டு கோஸ்டில் வாங்கியது 2018 ஏப்ரல் 7, சனி. ஆகக் கிழமைக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்று உங்கள் பேங்க்காரர் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் சம்பளப் பிடித்தத்துக்கும் கிழமைக்கும் சம்பந்தம் உண்டு.

கடைசியாக உங்கள் ஒருமனதான தீர்மானம். சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் அந்த நேரத்தில் ராணிப்பேட்டையில் ஷூவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்திருப்பார்கள். அதனால்தான் போனில் முணுமுணுக்கிறார்கள். தீர்மானத்தை ரத்து செய்துவிட்டு, வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மறுபடி கூட்டுங்கள். சர்ச்சு முடிந்திருக்கும், கறிச்சாப்பாடு முடிந்து ஒரு தூக்கமும் போட்டிருப்பார்கள். அப்புறம் ஓட்டெடுத்து, எத்தனைக்கு எத்தனை என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.