பரிசு வந்தது, பேச்சு நின்றது

கேள்வி: அக்கா, நான் மண்டபத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பத்திரிகைக் குறுக்கெழுத்து, ரேடியோவில் கேட்கும் கேள்வி, சோப்புக் கம்பெனி ஸ்லோகன், கடைக் குலுக்கல் என்று எந்தப் போட்டி வந்தாலும் கலந்துகொள்வது என் பொழுதுபோக்கு. இதே ஆர்வம் உள்ள ஏழு பேர் சில வருடங்களாகத் தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊர்க்காரர்கள். எந்தப் போட்டிக்கு எப்போது கடைசித் தேதி என்று ஆரம்பித்து, இன்று என்ன குழம்பு என்பது வரை பேச்சு போகும். வீட்டுக்காரர் கடலில் இருக்கும் ராத்திரிகளில் எனக்குத் துணை இவர்கள்தான்.

போன மாதம் தங்கச்சிமடத்து அக்காவுக்கு ஒரு ஜவுளிக்கடைக் குலுக்கலில் ஃபிரிட்ஜ் விழுந்தது. அப்படி ஒரு குலுக்கல் நடப்பதையே அவர் எங்களிடம் சொல்லவில்லை. கடைக்காரர் போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்களில் மூத்தவரான கீழக்கரை லாத்தா (அக்கா), "நான் ஒண்ணுவிடாம எல்லாத்தையும் சொன்னேனே" என்று வருத்தப்பட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் காலை வணக்கம்கூட யாரும் போடுவதில்லை. இந்த நேரம் பார்த்துத் தேவிபட்டினத்துத் தம்பி, போனிலேயே கேரளா லாட்டரி வாங்கலாம் என்று லிங்க் அனுப்புகிறார். "காசுக்குச் சேர்ந்த கூட்டம் காசாலதான் கலையும்" என்கிறார் வீட்டுக்காரர். நானும் விலகிவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், மண்டபம்.

பதில்: விலக வேண்டாம் தங்கச்சி. நீங்களும் போய்விட்டால் அந்த ஏழு பேரைத் திரும்பக் கூட்டிவைக்க ஆள் இருக்காது. இவ்வளவு வருத்தத்திலும் யார் மேலும் பழி போடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே இந்த வேலை உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

முதலில், தங்கச்சிமடத்து அக்கா மறைத்தாரா, சொல்லாமல் விட்டாரா? இரண்டும் ஒன்றில்லை. ஜவுளிக்கடைக் குலுக்கலில் வீட்டில் உட்கார்ந்தபடி கலந்துகொள்ள முடியாது. கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ துணி எடுத்திருப்பார், பில்லோடு கூப்பனை நீட்டியிருப்பார்கள், கவுன்டரில் நின்றபடியே பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார். குறுக்கெழுத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற ஒருவருக்கு, அந்தக் கூப்பன் ஒரு போட்டி என்றே தோன்றாமல் போயிருக்கலாம். பரிசு விழுந்த பிறகு சொன்னால் "ஏன் முன்னாடியே சொல்லலை" என்ற கேள்வி வருமே என்று தயங்கியிருக்கலாம். நான் அவருக்காக வாதாடவில்லை. இப்படியும் நடந்திருக்கும் என்ற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள் என்கிறேன்.

அடுத்து லாத்தாவின் வருத்தம். எல்லாவற்றையும் சொன்னதால் தனக்கு நஷ்டம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஜவுளிக்கடைப் பெட்டியில் 2,000 கூப்பன் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூப்பன் போட்டவருக்கு வாய்ப்பு 2,000-ல் ஒன்று. மற்ற ஆறு பேரிடமும் சொல்லி அவர்களும் ஆளுக்கொன்று போட்டிருந்தால் 2,006-ல் ஒன்று. இது ஒரு வித்தியாசமா? தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிப் போடும் பத்திரிகைப் போட்டியில் இதுகூடத் தெரியாது. தெருமுனைக் கடையில் இருபதே கூப்பன் விழும் குலுக்கல் என்றால் மட்டும், 20-ல் ஒன்றாக இருந்தது 26-ல் ஒன்றாக ஆகும். அங்கே கொஞ்சம் உறைக்கும். ஆக, லாத்தா இத்தனை வருடம் வாய் ஓயாமல் சொன்னதில் அவர் இழந்தது பெரிதாக ஒன்றுமே இல்லை. யாராவது வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர்கள் சம்பாதித்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. லாத்தாவிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

ஸ்லோகன், சிறுகதை, சமையல் குறிப்பு மாதிரி நம் கையில் இருக்கும் திறமையைக் கேட்கும் போட்டிகள் வேறு. கடைசித் தேதியையும் விதியையும் எல்லோரிடமும் சொல்லலாம். நீங்கள் யோசித்த வரியைச் சொல்ல வேண்டியதில்லை, அடுத்தவர் வரியைக் கேட்கவும் கூடாது. ஒரே வாசகம் இரண்டு பேரிடமிருந்து போனால் இரண்டு பேருக்கும் கெடுதல். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் ஏழு பேரும் வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு வரவே வராது. பரிசு விழுந்தால் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழ்த்தச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். வருடக்கணக்கில் ஓர் ஆறுதல் பரிசுகூட விழாதவர் இருப்பார், அவருக்கு அன்று ஒரு நாள் பேசாமல் இருக்க உரிமை உண்டு.

லாத்தாவுக்கு மெசேஜ் போடாதீர்கள். ராமநாதபுரம் போய் பஸ் மாறிக் கீழக்கரைக்கு நேரிலேயே போங்கள். மூத்தவர் மனம் வருந்தி ஒதுங்கியிருக்கும்போது, போனில் வரும் சமாதானம் அவருக்குப் போதாது. போனதும் ஃபிரிட்ஜ் கதையை எடுக்க வேண்டாம். இலங்கை வானொலி பற்றிக் கேளுங்கள். உங்கள் கரையில் அந்தத் தலைமுறைக்கு, நம்மூர் நிலையத்தைவிட அக்கரையின் தமிழ்ச் சேவைதான் தெளிவாகக் கேட்டது. பாட்டு கேட்டும் கேள்விக்குப் பதில் எழுதியும் கடிதம் போட்டுவிட்டு, அறிவிப்பாளர் தன் பெயரை வாசிப்பாரா என்று ரேடியோப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். பெயர் வாசிக்கப்பட்டாலே தெருவில் பேச்சாக இருக்கும். இன்று நீங்கள் ஏழு பேர் செய்வது அதே பழக்கம்தான். லாத்தா அதைப் பேச ஆரம்பித்துவிட்டால் மற்றது தானாக வரும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு எப்போதோ ஒரு முறை வருகிறது, பேச்சு தினமும் நடக்கிறது. ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. அந்த ராத்திரிகளில் வீட்டில் இருக்கும் பெண்கள் படும் பாடு கடலில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. காற்று திடீரென்று வலுக்கும். விடிந்தும் படகு கரைக்கு வராது. இலங்கைக் கடற்படை சில படகுகளைப் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வரும், எந்தப் படகு என்று தெரியாது. அந்த நேரத்தில் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தூங்காமல் உங்களோடு பேசிக்கொண்டிருந்தவர்களைக் காசுக்குச் சேர்ந்த கூட்டம் என்று சொல்வது நியாயமில்லை. அப்படி ஒரு ராத்திரி என்ன பேசினீர்கள் என்று அவரிடம் ஒரு தடவை விவரமாகச் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் பேச்சுக்குள் இன்னொரு பயமும் இருக்கலாம்: இது சூதாட்டமாகிவிடுமோ என்று. அந்தப் பயத்தை மதிக்க வேண்டும். பரிசுப் போட்டிகளுக்கென்றே 1955-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. எழுத்து, சொல், எண் இவற்றை அடுக்கும் புதிர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு வைக்கக் கூடாது என்றது. அது வழக்காகி, 1957-ல் உச்ச நீதிமன்றம், அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் சூது மாதிரியான போட்டிகளுக்குத்தான் அந்தச் சட்டம், திறமைதான் தீர்மானிக்கும் போட்டிகளுக்கு இல்லை என்று பிரித்துச் சொன்னது. யோசித்து எழுதும் குறுக்கெழுத்தையும் காசு கட்டி ஆடுவதையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

செலவு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நிற்கிறேன். சாதாரண அஞ்சலட்டை 50 பைசா, போட்டிக்கென்று உள்ள அஞ்சலட்டை 10 ரூபாய். மாதத்தில் பத்துப் போட்டிக்கு எழுதினால் 100 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையில் நிற்கும்போது, அதுவும் கணக்கில் வரும் தொகைதான். கூப்பனுக்காகப் பொருள் வாங்குவது அதைவிட ஆபத்து. எப்படியும் வாங்க வேண்டிய பொருளுக்குக் கூப்பன் கிடைத்தால் போடுங்கள். கூப்பன் கிடைக்கிறதே என்று இரண்டாவது புடவை எடுத்தால், அந்தப் புடவையின் விலைதான் போட்டிக்குக் கட்டிய காசு.

இனி தேவிபட்டினத்துத் தம்பி. இதில் தாமதமே கூடாது, இன்றே பேசுங்கள். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. கேரள அரசு லாட்டரி கடையில் விற்கும் காகிதச் சீட்டு மட்டும்தான், ஆன்லைனில் அந்த அரசு விற்பதே இல்லை. அப்படியானால் போனில் வரும் லிங்க் மோசடி என்பதில் சந்தேகமே வேண்டாம். தம்பி உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை, அவரைத்தான் யாரோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் திட்டாமல் தனியாகப் போன் போட்டு, ஏற்கனவே பணம் கட்டினாயா என்று கேளுங்கள். கட்டியிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள், அது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தில் மறைத்தால் அடுத்த வாரம் இன்னொரு தொகை போகும்.

தங்கச்சிமடத்து அக்காவிடம் பேசுவதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போன் பண்ணும்போது குறை கேட்பதற்கு முன்னால், அவருக்கு உதவும் ஒரு விஷயத்தைச் சொல்லலாம். குலுக்கலில் விழும் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும். வேறு வருமானமே இல்லாத குடும்பத் தலைவி என்றாலும் இதில் விலக்கு கிடையாது. பரிசு பணமாக இருந்தால் வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜ் மாதிரிப் பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் கடைக்காரர் அதைக் கொடுக்க வேண்டும். 25,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு 7,500 ரூபாய் வரி. சில கடைகள் அதைத் தாங்களே கட்டிவிடும், சிலர் வென்றவரிடம் கேட்பார்கள். அக்கா எங்கேயாவது புரட்டிக் கட்டியிருந்தால், அந்தப் பரிசைப் பற்றிக் கொண்டாட்டமாகப் பேச அவருக்கு மனம் வந்திருக்காது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வதும் இந்த வரியைத்தான். "உங்களுக்கு 5 லட்சம் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்பார்கள். பணப் பரிசுக்கு முன்கூட்டி வரி கேட்டால் அது பொய், ஏனென்றால் வரியைப் பரிசிலிருந்தே கழித்துவிடுவார்கள். பரிசுப் பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் போடச் சொன்னாலும் பொய்தான், பணம் வாங்குவதற்கு அந்த நம்பர் தேவையே இல்லை. நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் உங்களுக்குப் பரிசு விழாது. இதை ஏழு பேருக்கும் சொல்லிவையுங்கள்.

ஆகவே அக்காவிடம், "ஃபிரிட்ஜ் வந்ததுல சந்தோஷம்க்கா. வரி யார் கட்டினாங்க? உங்க பான் நம்பர்ல கட்டுனதுக்குச் சான்றிதழ் குடுத்தாங்களா?" என்று ஆரம்பியுங்கள். கொடுக்கவில்லை என்றால் கடையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அவர் உரிமை அது. கடை இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இவ்வளவும் பேசி முடித்த பிறகு, "ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா, லாத்தாவுக்கு மனசு கஷ்டமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலை முழுதாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம். கீழக்கரைக்குப் போகும் நாளில் அவரும் மண்டபத்தில் உங்களோடு சேர்ந்துகொள்ள முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.