கேள்வி நீங்கள், பதில் நான்

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பிப்ரவரி வந்தால் ஆடாமல் பென்ச்சில் இருக்கும் ஒருவரை, கையில் பணமும் கொடுத்து வேறு அணிக்கு அனுப்புகிறார்களே, இது என்ன கூத்து?
- கல்லூரி மாணவர், திருச்சி.

பதில்: எல்லாம் லக்சுரி டாக்ஸ் பயம். அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீகுக்கு வரி கட்ட வேண்டும். ஆனால் கணக்குப் பார்ப்பது லீக் சுற்றின் கடைசி நாள் நிலவரத்தை வைத்துத்தான். நவம்பரில் கோட்டுக்கு மேலே இருந்தாலும், பிப்ரவரியில் ஒருவரைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினால் தப்பித்தார்கள். மற்றவர்கள் கட்டும் வரியிலும் பங்கு கிடைக்கும்!

அப்புறம், அணியில் 14 பேர் வேண்டும் என்பது விதி. தொடர்ந்து 14 நாள், சீசனில் மொத்தம் 28 நாள் வரை அதற்குக் கீழே இருக்கலாம். கெட்டிக்கார மேனேஜர்கள் அந்த நாட்களை எண்ணி எண்ணிச் செலவழித்து, நடுவில் பத்து நாள் ஒப்பந்தத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எனக்கு மனசு ஆறாத டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) ஓக்லஹோமா சிட்டி அணியுடையது. 2012 ஜூனில் அதன் நட்சத்திரங்கள் டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரும் ஃபைனல் ஆடியதைக் காலை ஆறரைக்கு, பல்கூட விளக்காமல் பார்த்தவன் நான். அக்டோபரில் ஹார்டன் ஹூஸ்டன் அணியில்! அவர் எதிர்பார்த்த சம்பளத்துக்கும் ஓக்லஹோமா நிர்வாகம் தர இருந்ததற்கும் சில மில்லியன் டாலர்தான் வித்தியாசம். அடுத்த சீசனில் வரி விகிதம் வேறு ஏற இருந்தது. பதிலுக்கு வந்த கெவின் மார்ட்டின் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். கூட வந்த டிராஃப்ட் வாய்ப்பில் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஸ்டீவன் ஆடம்ஸ் கிடைத்தார். அதற்காகக் கொஞ்சம் மன்னிக்கிறேன்.