மழைக்கு முன்னால் முடிக்க வேண்டியவை: வீடு, தோட்டம் கேள்வி-பதில்

சித்திரையில் வரும் கேள்விகள் எல்லாம் வெக்கையைப் பற்றி இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் "போன மழைக்கு ஒழுகியது, இந்த மழைக்குள் என்ன செய்யலாம்?" என்று பேச்சு மாறிவிடும். மதுரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் கையில் இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. இந்த முறை பெயின்ட் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். எந்தப் பெயின்ட் என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அது தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

வில்லாபுரத்தில் எங்கள் வீடு, கட்டி இருபது வருஷம் ஆகிறது. மாடியில் தட்டோடு பதித்திருக்கிறோம். மழை பெய்தால் படுக்கையறை மூலையில் கசிகிறது. மாடி முழுவதும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா சார்?

அவசரப்படாதீர்கள். ஒரு மூலையில் மட்டும் கசிகிறது என்றால் மொத்த மாடியும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். தட்டோட்டுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் வாட்டத்தோடு நகர்ந்து போய், தளத்தில் கீறல் கிடைக்கிற இடத்தில்தான் இறங்கும்.

முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் அடி. எனக்குத் தெரிந்து ஒழுகல் இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் பாத்தி கட்டி, ஒன்றிரண்டு இஞ்சு தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கசியவில்லையா, பாத்தியை அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள். வேலை கொஞ்சம் இழுக்கும், ஆனால் காசு கிடையாது.

மூலையில்தான் கோளாறு என்றால் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரையும் தளத்தையும் சேர்த்துச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். கொத்தாமல் மேலேயே பூசினால் அடுத்த வெயிலுக்கு விட்டுவிடும். தட்டோட்டுச் சந்துகள் பெயர்ந்திருந்தால் சுரண்டி அடைக்க வேண்டும். மழை நின்ற பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? வாட்டம் போதவில்லை. பத்து அடிக்கு ஒன்றரை இஞ்சு சரிவாவது வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ஈரத் தளத்தின் மேல் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

இன்னொன்று. கசிகிற இடத்தின் சீலிங்கைச் சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் 'டக்' என்று வரும் சத்தம் அங்கே மட்டும் பொக்கையாகக் கேட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயின்டரும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது மாசி வீதிப் பக்கம் தாத்தா காலத்து வீடு, ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். கீழே ஓதம் அடிக்கிறது என்று இரண்டு வருஷம் முன்னால் சிமென்ட் பூசிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தோம். இப்போது இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமா ஐயா?

வேண்டாம் அம்மா. மறைத்தால் உப்பு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும்.

பழைய சுவர்களுக்கு அடியில் இன்றைக்குப் போடுவதுபோல ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் தானாகக் காயும். சிமென்டும் பட்டியும் பெயின்டும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டன. வெளியே போக முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. காய்கிற இடத்தில் உப்பு படிந்து பூச்சைத் தள்ளுகிறது. திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளைப் பார்த்திருப்பீர்கள். 1636-ல் கட்டியது, செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும்தான். சுண்ணாம்பு பலமில்லாத பொருள் என்று சொல்லும் கொத்தனாரை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உப்பு தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பொடியைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, கீழே விழுவதைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கரைந்த உப்பு திரும்பவும் செங்கல்லுக்குள்ளேயே போய்விடும். சில வாரம் சுவரை அப்படியே காயவிட்டு, நன்றாக ஊறிப் புளித்த சுண்ணாம்பில் பூசச் சொல்லுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசும் ஆட்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம்தான், ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பட்டி பார்க்கிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், எனாமல் கூடாது. வெளிப்பக்கம் சாக்கடையோ குளியலறைத் தண்ணீரோ அந்தச் சுவரை ஒட்டிப் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். போனால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

போர்த் தண்ணீரில் ஓடும் மெஷின் என்றால் வேண்டாம். வடிகட்டி எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொட்டியில் வைத்த செடிக்கு ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும். வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தென்னை இருந்தால் அது ஓரளவு உப்பைத் தாங்கும்.

திருமங்கலம் தாண்டிக் கரிசல் மண்ணில் வீடு கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. கோடையில் விரல் நுழைகிற மாதிரி இருக்கிறது, மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறது. அடைத்தாலும் திரும்ப வருகிறது.

கோடையில் திறந்து மழையில் மூடுகிறது என்று நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதோடு சேர்ந்து அஸ்திவாரமும் ஏறி இறங்குகிறது. வெடிப்பில் எதை அடைத்தாலும் மண் சும்மா இருக்கப் போவதில்லை.

மண்ணை மாற்ற முடியாது, ஆனால் அஸ்திவாரத்தைச் சுற்றி ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். வீட்டைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் வைத்துக் கான்கிரீட் தளம் போடுங்கள். மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழாமல் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் வேம்பு நிற்கிறதா? கோடையில் அது உறிஞ்சுகிற ஈரமும் கணக்கில் சேரும்.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து குறியுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்து, கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் பொறியாளரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். வெறும் பேச்சைவிட அது அவருக்கு உதவும். அப்புறம், இந்தப் பக்கம் புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு: கரிசலில் ஈரம் மாறாத ஆழம் வரை பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்கிக் கட்டுவதுதான் நல்லது. பைலின் அடிப்பகுதி குமிழாக அகன்று இருக்கும், மண் உப்பும்போது மேலே தூக்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

அவனியாபுரத்தில் வீட்டு வாசலில் மல்லிகை வைத்திருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, பூதான் இல்லை. இலையும் மஞ்சளாகிறது. மதுரையில் இருந்துகொண்டு மல்லிகையைக் கடையில் வாங்க வெட்கமாக இருக்கிறது!

வெட்கம் நியாயம்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, அதுவும் உங்கள் ஊரைச் சுற்றியே விளைகிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூ இல்லாததற்குக் காரணம் அநேகமாகக் கவாத்து செய்யாததுதான். மல்லிகை புதிதாக விடும் தளிரில்தான் மொட்டு வைக்கும். தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மீதியை வெட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வெட்டிய பிறகு காய்ந்த குச்சி, உள்ளே நெருக்கியடிக்கும் கிளை எல்லாம் நீக்கி, தூரைச் சுற்றி மக்கிய தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மாசி, பங்குனிக்கு மொட்டு வரும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், துணிந்து வெட்டுங்கள். வெயிலும் முக்கியம். வாசலில் பந்தல் நிழல் விழுந்தால் கொடி படரும், பூக்காது.

மஞ்சளுக்கு வருவோம். எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனியில் இருக்கும் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால் இலை வழியாகக் கொடுக்க வேண்டும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) உரக்கடையில் கிடைக்கும், லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துச் சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை போதும். அன்னபேதித் தண்ணீர் தரையில் பட்டால் துருக்கறை போகாது, டைல்ஸ் வாசல் என்றால் சாக்கு விரித்துவிட்டுத் தெளியுங்கள். அடி இலைகள்தான் மஞ்சள் என்றால் விஷயம் வேறு: தண்ணீர் தேங்குகிறது, அல்லது எரு போதவில்லை.

ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் வீடு. கீரை, தக்காளி நாற்று எதையும் மயில் விடுவதில்லை. விரட்ட மருந்து ஏதாவது உண்டா?

மருந்து என்ற பேச்சே வேண்டாம். 1963-லிருந்து தேசியப் பறவை, 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தால் ஜெயில்தான். பாத்திக்கு மேல் கம்பு நட்டு, நான்கு பக்கமும் மேலேயும் நைலான் வலை போடுங்கள். வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்தால் பறவையின் கால் சிக்கும். சுற்றி வேலி மட்டும் போட்டால் பறந்து உள்ளே இறங்கிவிடும். வாசலில் அரிசி இறைத்து மயிலுக்கு விருந்து வைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள்.

மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கப் பயமாக இருக்கிறது என்கிறார் அம்மா.

அம்மாவின் மனம் கோணாமல் ஒரு வழி: கன்று விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்துக் கண்மாய்க் கரையில் நட்டுவிடுங்கள். வளர்ந்துவிட்டதென்றால் மேலே வெட்டிப் பிரயோஜனம் இல்லை, திரும்பத் தளிர்க்கும். அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி, வேர் போகிற வரை செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு அடையுங்கள். உப்பு போட்டுக் கருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மேலே மாசி வீதி அம்மாவுக்குச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

2003-ல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோது, மழைநீரை நிலத்துக்குள் இறக்கக் கட்டிய தொட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தே பல வருஷம் ஆகிறது. அதில் உண்மையிலேயே பலன் உண்டா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். மதுரையின் வருஷ மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஆவியாகிற, சிதறுகிற கழிவெல்லாம் போக 60,000 லிட்டர் நிலத்துக்குள் இறங்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் ஐந்து லாரித் தண்ணீர். கோடையில் ஒரு லாரிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் மூடியே திறக்காத தொட்டியில் இது நடக்காது. மேல் அடுக்கு மணலில் மாடித் தூசி படிந்து ஏடு கட்டியிருக்கும், தண்ணீர் இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போயிருக்கும். புரட்டாசிக்குள் அந்த மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் புது ஆற்று மணல் நிரப்புங்கள். கீழே இருக்கும் ஜல்லியை எடுத்துக் கழுவித் திரும்பப் போட்டால் இன்னும் நல்லது. முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பி விடுங்கள், மாடியில் கிடக்கும் புழுதியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும். இந்தத் தொட்டி செப்டிக் டேங்குக்கும் அஸ்திவாரத்துக்கும் பத்து அடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் வெறும் குழி போதாது, அடியில் ஒரு துளை போட்டுக் கீழே இருக்கும் சரளை வரை குழாய் இறக்க வேண்டும்.

மூடியைச் சந்தில்லாமல் மூடுங்கள், காற்றுக் குழாய் இருந்தால் அதன் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள்.