கஷ்ட காலத்தில் விசுவாசம்: கேள்வி பதில்

பேராவூரணி வாசகி: கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. கடன் இன்னும் அடைபடவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது ஐயா. இது பாவமா?

இல்லைம்மா. அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. வயல் விளையாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னதை அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அது அவர் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம். முதல் அதிகாரத்தில் அதே ஆபகூக், ‘நான் கூப்பிட்டும் நீர் கேட்கவில்லையே’ என்று வழக்காடுகிறார். அதை ஏனோ விட்டுவிடுகிறோம். வழக்காடியவர்தான் பிறகு பாடினார். சாய்ந்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்று காய்க்கவே வருஷங்கள் ஆகும். உங்கள் மனசை மட்டும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம். நம்பிக்கை போனவர் கடவுளிடம் சண்டை போட மாட்டார், பேச்சையே நிறுத்திவிடுவார். நீங்கள் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

நாகப்பட்டினம் வாசகர்: சுனாமியில் தம்பியை இழந்தோம். பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒருவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அவர் சொன்னது தவறு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13). 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் மாண்டவர்களில் மாதாவைத் தேடி வந்த பயணிகளும் உண்டு. வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள், வாய் திறந்த பிறகுதான் ‘உன் பாவம்தான் காரணம்’ என்று தவறினார்கள்.

தரங்கம்பாடி இளைஞர்: வேலைக்காக ஜெபித்து அலுத்துவிட்டது.

உங்கள் ஊரில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை டேனிஷ் கோட்டைத் தளபதியே சில மாதம் சிறையில் போட்டார். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஜெபியுங்கள் தம்பி, விண்ணப்பம் போடுவதையும் விடாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: அம்மாவுக்குப் புற்றுநோய். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்கிறார் உறவினர்.

அப்போஸ்தலர் பவுலோடு இருந்த லூக்காவே ஒரு வைத்தியர். சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் சபையிலிருந்து ஒருவரைத் துணைக்கு வரச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.