லாராவைக் காப்பாற்ற வந்த தம்பி

அக்கா, வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை. ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நானும் தோஸ்துகள் மூன்று பேரும் சேர்ந்து லாரா கிராஃப்ட் என்கிற சாகசக்காரி வருகிற 'டூம் ரெய்டர்' வீடியோ கேமை வைத்து 11 நிமிட ஃபேன் ஃபிலிம் ஒன்று எடுத்தோம். காசிமேட்டில், ரிப்பேருக்கு ஏற்றி வைத்திருக்கும் போட்டுகளுக்கு நடுவில், நான்கு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். லாராவாக நடித்தது எங்கள் தெருப் பெண். கடைசியில் மாட்டிக்கொள்கிற லாராவைக் காப்பாற்ற ஒரு ஹீரோவை நாங்களே சேர்த்தோம், அது நான்தான். எடுத்ததெல்லாம் கொஞ்சம் சொதப்பல், ஆபீசில் ஒரு பொண்ணு உட்கார்ந்து எடிட்டிங், சவுண்டு எல்லாம் சரிபண்ணிக் கொடுத்தாங்க. போட்டதும் ஒரே திட்டு, லாராவுக்கு ஏன் அரை டவுசர், பெண்ணை இழிவுபடுத்துகிறீர்கள் என்று. ஒரிஜினல் கேமிலேயே அப்படித்தானே? ஆபீசிலும் இதே பேஜார். பெண்களுக்கு இயல்பிலேயே கோடிங்கில் ஆர்வம் கம்மி, இதை எழுதியதற்குத்தான் கூகுளில் ஒருத்தரைத் தூக்கினார்கள் என்று டீம் லீட் டீ குடிக்கும்போது சொல்லப்போய் ஒரு வாரம் சண்டை. ஜாலியாகப் பேசவோ படம் எடுக்கவோ முடியாதா அக்கா?

எம்., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இரண்டு முறை. பெயின்ட் உரிந்த போட்டுக்கு அடியில் லாரா ஊர்ந்து வருகிற ஷாட்டும், பின்னால் எங்கோ ஐஸ் உடைக்கிற சத்தமும் அபாரம். 2013இல் வந்த கேமில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குவாளே, அதற்குக் காசிமேட்டைப் பிடித்தது யார் மூளையோ, அவருக்கு ஒரு பிரியாணி என் கணக்கில்.

டவுசர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1996இல் வந்த லாராவுக்கு அரை டவுசர்தான், ஒப்புக்கொள்கிறேன். 2013 லாரா முழு பேன்ட் போட்டிருப்பாள். நீங்கள் எடுத்தது 2013 கதை, மாட்டிவிட்டது 1996 டவுசர். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சரி விடுங்கள். மணலிலும் துருவிலும் முட்டி தேய ஊர்ந்த அந்தப் பெண்ணிடம், இது வசதியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எனக்கு உறுத்தியது ஹீரோ. லாரா கிராஃப்டைப் போய் யாராவது காப்பாற்றுவார்களா, தம்பி? அந்தக் கேமில் தோழி சாமை மீட்டுக்கொண்டு வருவதே லாராதான். இந்த ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். 2012இல் அந்த கேமின் தயாரிப்பாளர் ரான் ரோசன்பெர்க், விளையாடுகிறவர்கள் தங்களை லாராவாக நினைத்துக்கொள்வதில்லை, அவளைப் பாதுகாக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்கள் என்கிற மாதிரி பேட்டி கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கேமுக்கு முதன்மை எழுத்தாளரே ஒரு பெண், ரியானா பிராட்செட்.

'போர்ட்டல்' கேமை வைத்து 2011இல் டான் டிராக்டன்பெர்க் எடுத்த ஏழு நிமிடக் குறும்படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு அறை, ஒரு பெண், வசனமே கிடையாது. அவளே யோசிக்கிறாள், அவளே தப்பிக்கிறாள், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறோம். நடுவில் ஒருவன் வந்து கையைக் கொடுத்திருந்தால் படம் அங்கேயே படுத்திருக்கும். உங்கள் படம் ஒன்பதாவது நிமிடத்தில் படுத்தது, மன்னிக்கவும், உங்களால்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில் பசங்க எல்லாருக்கும் உயிர் 'முஸ்தபா' கேம். அதன் உண்மையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்பது எனக்கே பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். ஆடுவதற்கு நாலு பேர் உண்டு, அதில் ஹன்னா என்று ஒரு பெண். அவளை யாரும் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் கலாய்ப்பார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கடைக்காரர் விரட்டுவார், அண்ணன் பின்னால் ஒளிந்துகொண்டு போவேன், ஆள் குறைந்தால் இரண்டாவது பட்டன் எனக்கு, 'நீ ஹன்னாவை எடுத்துக்கோ' என்பான். அவனுடைய முஸ்தபா செத்த பிறகும் என் ஹன்னா ஓடிக்கொண்டிருப்பாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்த ஸ்டேஜை முடித்தது அவன்தான்.

டீம் லீட் சொன்ன ஆள் ஜேம்ஸ் டமோர், 2017 ஆகஸ்டில் நீக்கினார்கள். நீக்கியது சரியா என்று நாள் முழுக்கச் சண்டை போடலாம், எனக்கு அதில் ஆர்வமில்லை. இயல்பு என்கிற சொல்தான் இடிக்கிறது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 1984 வாக்கில் சுமார் 37 சதவீதம் பெண்கள், 2010 வாக்கில் அது சுமார் 18. இருபத்தைந்து வருடத்தில் இயல்பு பாதியாகிவிடுமா? நம் ஊர் இன்ஜினியரிங் காலேஜில் உங்கள் கூடப் படித்த பெண்களை எண்ணிப் பாருங்கள், கடல் தாண்டினால் மாறிவிடுகிற இயல்பு என்ன இயல்பு?

அப்புறம் எனியாக். 1946 பிப்ரவரியில் அந்த ராட்சத கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு புரோகிராம் செய்யும் வேலையில் ஆறு பெண்கள். பீரங்கிக் குண்டு போகும் பாதையை அன்று அது கணக்குப் போட்டுக் காட்டியது, அந்த புரோகிராமை எழுதியவர்கள் ஜீன் பார்டிக்கும் பெட்டி ஹோல்பர்டனும். ராத்திரி நடந்த விருந்துக்கு ஆறு பேரையும் கூப்பிடவில்லை. பல வருடம் கழித்து, பழைய போட்டோக்களில் இருக்கும் இந்தப் பெண்கள் யார் என்று கேத்தி கிளைமன் என்கிற மாணவி விசாரித்தபோது, மெஷின் பக்கத்தில் அழகுக்கு நிறுத்திவைத்த மாடல்கள் என்று பதில் வந்தது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். 'ஆபீசில் ஒரு பொண்ணு'. நானும் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உங்கள் நாலு பேர் பெயரும் இருக்கிறது, உங்கள் பெயர் மூன்று இடத்தில். நன்றி கார்டில் போட் ஓனர் இருக்கிறார், பைக் கொடுத்த நண்பர் இருக்கிறார், டீக்கடை அண்ணன் இருக்கிறார். எடிட்டிங் என்று ஒரு வரியே இல்லை. ஐஸ் உடைக்கிற சத்தம் என்று மேலே சிலாகித்தேனே, அதை அங்கே வைத்தது அவர்தானே? சொதப்பலாகக் கிடந்த படத்தைக் காப்பாற்றியவர் அவர், நீங்கள் திரையில் லாராவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

டைட்டிலை மாற்றினால் படத்தை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், பார்வைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வயிறு எரியும். பரவாயில்லை, ஏற்றுங்கள். அதற்கு முன்னால் பெயரை எப்படிப் போடுவது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், இனிஷியல் விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும். லிங்க் அனுப்புங்கள், மூன்றாவது முறை பார்க்கிறேன். இடம் பத்தவில்லை என்று டீக்கடை அண்ணன் பெயரைத் தூக்கிவிடாதீர்கள், உங்கள் மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும்.