கோயா அரச குடும்பத்தைக் கேலி செய்தாரா?

அன்புள்ள ஐயா,

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் கோயாவின் ‘நான்காம் கார்லோஸின் குடும்பம்’ ஓவியத்தைப் பார்த்தேன். அரசியின் முகம் அழகாக இல்லை. அரசரோ பட்டும் பதக்கமும் அணிந்த மளிகைக்கடைக்காரரைப் போல நிற்கிறார். சம்பளம் கொடுத்தவர்களையே கோயா கேலி செய்துவிட்டார் என்றார் வழிகாட்டி. அவர்களுக்கு அது புரியவே இல்லையா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

புரியாமல் போவதற்கு அதில் கேலியே இல்லை என்பேன்.

கோயா 1799இல் ஸ்பெயின் அரசவையின் முதன்மை ஓவியரானார். மறு ஆண்டு அரான்ஹுவேஸ் அரண்மனையில் குடும்பத்தினரை நேரில் பார்த்து, செந்நிறப் பூச்சின் மேல் தனித்தனியாகத் தலைகளை வரைந்தார். அவற்றில் ஐந்து பிராடோவிலேயே இருக்கின்றன. மறுபடியும் போனால் அவற்றின் முன் நெடுநேரம் நில்லுங்கள். அரசரின் அக்கா மரியா ஹொசெபாவின் நெற்றியோரக் கரும்பொட்டைப் பலர் சிரிப்புக்குரியதாகச் சொல்கிறார்கள். நான் அந்தக் கண்களைப் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு அக்கறையோடு வரையப்பட்ட முதுமை அது!

அரசி மரியா லூயிசா ஏமாளி அல்லர். தம்மைக் கோயா வரைந்த படங்களைப் பற்றி, அரச தம்பதியின் நம்பிக்கைக்குரிய அரசியல்வாதியான கொதோய்க்கு எழுதிய கடிதங்களில் சாயல் நன்றாக அமைந்ததாக மகிழ்கிறார். 14 பிள்ளைகளைப் பெற்று ஐம்பதை நெருங்கியவர். தம் கைகளின் அழகில் அவருக்குப் பெருமை உண்டு. கோயா அந்தக் கைகளை நல்ல வெளிச்சத்தில் வைத்தார், முகத்தை இருந்தபடியே வரைந்தார். இளவரசர் பெர்னாண்டோவின் அருகே முகத்தைத் திருப்பி நிற்கும் பெண், இன்னும் நிச்சயமாகாத மணமகள் என்பதே பரவலான கருத்து. பார்க்காத முகத்தைக் கற்பனையால் அழகாக்கிவிடக்கூட அவர் முயலவில்லை.

இடது ஓரத்து நிழலில், தாம் வரையும் ஓவியச் சீலையோடு கோயாவே நிற்கிறார். முந்தைய நூற்றாண்டின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ், அரச குடும்பத்தோடு தம்மையும் சேர்த்து வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை 1778இல் செதுக்கோவியமாகப் படியெடுத்தவர் அவர். அந்த ஆசானின் வழியில் தம்மையும் அரச குடும்பத்தோடு சேர்த்துக்கொண்டவர், அந்தப் படத்தையே பரிகாசமாக்கியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேலி என்ற எண்ணம் பிற்கால வரலாற்றிலிருந்து வருகிறது. 1808இல் கார்லோஸ் மகனுக்காக முடிதுறந்தார். இருவரிடமிருந்தும் நெப்போலியன் அரியணையைப் பறித்தார். அதை அறிந்து பார்ப்பவர்களுக்கு அரசரின் பருத்த முகம் கையாலாகாதவரின் முகமாகத் தெரிகிறது. 1800இல் தூரிகை பிடித்த கோயாவுக்கு அந்தச் செய்தி எட்டியிருக்க வழியில்லை.