இரவில் வீட்டுக்குள் எடுக்கும் படம் கலங்குகிறது: நல்ல கெமரா வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. காலிமுகத்திடலில் பகலில் போனில் எடுக்கும் படங்கள் அருமையாக வருகின்றன. இரவில் ஹோலில் ஓடித்திரியும்போது எடுத்தால் முகம் கலங்கிவிடுகிறது. கனடாவில் இருக்கும் அம்மம்மாவும் படம் தெளிவில்லை என்கிறார். காசு சேர்த்து நல்ல கெமரா ஒன்று வாங்கலாமா?

பதில்: முதலில் அம்மம்மாவின் குறையைத் தீர்ப்போம். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். எவ்வளவு விலையான கெமராவில் எடுத்தாலும் அதே கதிதான். படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், குறையாமல் போய்ச் சேரும்.

இனி அந்தக் கலங்கல். கலங்கிய படம் ஒன்றைப் போனில் திறந்து அதன் விவரங்களைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் படத்தை மேலே தள்ளினால் தெரியும். 1/25, 1/30 என்பது போல ஓர் எண் இருந்தால், செக்கனில் அத்தனை பங்கு நேரம் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) திறந்திருந்தது என்று அர்த்தம். ஓடும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்கக் குறைந்தது 1/250 செக்கன் வேண்டும். அதாவது, இப்போது உள்ளே வரும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். உங்கள் போனில் பழுதில்லை. வெளிச்சம்தான் போதவில்லை.

இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். கடையில் கெமராவோடு சேர்த்து ஒரு ஸூம் லென்ஸ் தருவார்கள், கிட் லென்ஸ் என்பார்கள். வெளிச்சம் புகும் அதன் துவாரம் எஃப்/3.5 இல் தொடங்கி, ஸூம் செய்யச் செய்ய எஃப்/5.6 வரை ஒடுங்கும்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறியது என்று அர்த்தம். ஏபிஎஸ்-சி (நடுத்தர சென்சார் அளவுக்கான பெயர்) கெமராவின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, பெரிய சென்சார் வைத்த போன்களில் இருப்பதைவிடப் பரப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போனின் லென்ஸ் பெரும்பாலும் எஃப்/1.8 அளவில் இருக்கிறது. எஃப்/5.6 இல் விழும் வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்குதான். பெரிய சென்சார் தந்த லாபத்தை லென்ஸ் விழுங்கிவிடும். போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் வித்தையும் அந்தக் கெமராக்கள் பலவற்றில் இல்லை. ஆசையாக வாங்கிய கெமரா அலுமாரிக்குள் போவது இப்படித்தான். எனக்கு அது உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

ஆகவே வாங்குவதானால் எஃப்/1.8 லென்ஸுக்கே முதலில் காசு ஒதுக்குங்கள். ஏபிஎஸ்-சி கெமராவுக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்கும் (இந்த எண் கூடினால் குறைந்த இடமே படத்தில் அடங்கும்). 50 மில்லிமீட்டர் விலை குறைவு, ஆனால் தொடர்மாடி ஹோலில் முழு உருவத்தை எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டுவீர்கள். கெமரா, பிள்ளையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வகையாக இருக்கட்டும். 2019இல் வந்த சோனி ஏ6400, 2023இல் வந்த கெனன் ஆர்50 இரண்டும் அதைச் செய்யும். மலிவாகக் கிடைக்கும் பழைய டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே கண்ணாடி உள்ள கெமராக்கள்) ஆட்களை நிறுத்தி எடுக்கப் போதும். மூன்று வயதுப் பிள்ளையை அவற்றால் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் நாளைக்கே கடைக்குப் போக வேண்டாம். முதலில் ஹோலில் பிரகாசமான எல்ஈடி பல்ப் இன்னொன்று போடுங்கள். பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே விளையாட்டுச் சாமான்களை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். போன் லென்ஸைத் துணியால் துடையுங்கள், பிள்ளைகள் தொட்ட கைரேகை படத்தை மங்கலாக்கும். இவ்வளவும் செய்து இரண்டு வாரம் எடுத்துப் பார்த்தும் கலங்கிக்கொண்டேயிருந்தால் வாங்குங்கள், தயங்க வேண்டாம். மூன்று வயது திரும்ப வராது. பிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் பழக்கமும் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண ஆல்பத்துக்கு மட்டும் என்றால் 4×6 அங்குலப் படம் போதும், அதற்கு 2.2 மெகாபிக்சல் போதுமானது. அந்த விஷயத்தில் போனே மிச்சம்.

இன்னொன்று, கெமராவை 1/250இல் வைத்ததும் சில மலிவான பல்ப்களின் கீழ் படத்தில் கோடு கோடாக விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அவை செக்கனுக்கு 100 முறை மினுக்குகின்றன. மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் (இந்த மினுக்கைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். ஃப்ளாஷ் போட விரும்பினால் முகத்துக்கு நேரே அடிக்காமல், தலையைத் திருப்பக்கூடிய ஃப்ளாஷை வெள்ளைச் சீலிங் பக்கம் திருப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து இதமாக இறங்கும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. கொழும்பின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். பையில் போட்டு மூலையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் வைத்து, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைக்கலாம். பாவித்த லென்ஸ் வாங்குவதானால், இருட்டான இடத்தில் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.